ஒற்றை வரிசையில் போகும் தண்ணீர்

"உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் உடம்புக்குள் போகிறது. உயிரணுவுக்குள் போவதில்லை."

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தாமான் வீட்டின் முன்கூடத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, இருபது பேருக்கு முன்னால் சொல்லப்பட்ட வாக்கியம் இது. சொன்னவர் நன்றாகப் படித்தவர். தான் சொல்வதை நம்பித்தான் சொன்னார். கேட்டவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். செர்டாங்கிலிருந்து கிள்ளான் வரை, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து பூச்சோங் வரிசை வீடு வரை நடக்கும் ஆல்கலைன் தண்ணீர் இயந்திர வியாபாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. வாக்கியம் தவறு. கொஞ்சம் கூட்டிச் சொல்லப்பட்டது என்றோ, இன்னும் நிரூபிக்கப்படாதது என்றோ விட்டுவிடக்கூடிய தவறு இல்லை. தலைகீழான தவறு.

முப்பது ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். படிவம் 4 பாடநூலில் 'பெர்கெராக்கான் பாஹான் மெரெந்தாசி மெம்பிரான் பிளாஸ்மா' என்றே ஓர் இயல் இருக்கிறது. உயிரணுச் சவ்வைத் தாண்டிப் பொருள்கள் எப்படிப் போகின்றன, வருகின்றன என்பது அந்த இயலின் பொருள். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் குறைந்தது நான்கு வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாடம் பையில் இருந்தது, பெற்றோர் தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை அதற்குரிய வலுவோடே முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் மூலக்கூறுகள் தனித்தனியாக இருப்பதில்லை, ஹைட்ரஜன் பிணைப்பால் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் கொத்து பெரிது, அதனால் அது சவ்வில் முட்டி நின்றுவிடுகிறது. இயந்திரம் மின்சாரம் பாய்ச்சிக் கொத்தைச் சிறிதாக்குகிறது, சிறிய கொத்து எளிதில் நுழைகிறது. இது முதல் வாதம். நம் உணவாலும் கவலையாலும் உடம்பு அமிலமாகிவிட்டது, பிஎச் 9.5 உள்ள நீர் அதைச் சமன் செய்யும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் நோபல் பரிசுச் சான்று உண்டு என்பது மூன்றாவது. ஜப்பானில் அரசே அங்கீகரித்திருக்கிறது என்பது நான்காவது. ஐந்தாவதாக, குடித்தவர்கள் "உடம்பு லேசாக இருக்கிறது" என்று சொல்கிறார்கள்.

இவற்றில் உண்மையான துளிகள் உண்டு. நீர் மூலக்கூறுகளிடையே ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பது உண்மை. ஜப்பானில் 1965இல் இத்தகைய கருவிகளுக்கு அனுமதி கிடைத்ததும் உண்மை, ஆனால் அது அஜீரணம், வயிற்றுப் புளிப்பு போன்ற வயிற்றுக் கோளாறுகளுக்கு மட்டும். சர்க்கரை நோயும் சிறுநீரகமும் புற்றுநோயும் அந்த அனுமதிக்குள் ஒருநாளும் வரவில்லை. இயந்திரம் வாங்கியபின் பலர் தே தாரிக்கையும் சிராப்பையும் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்குகிறார்கள். அதனால் உடம்பு தேறுவதும் உண்மையே. அந்தப் பெருமை நிறுத்திய சீனிக்கு உரியது.

மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றவர்களுக்குக் குழாய்மேல் நம்பிக்கை குறைந்தது இயல்பு. பழைய குழாய்களில் துருநிறத்தில் தண்ணீர் வருகிறது. மண்ணையும் துருவையும் தடுக்கும் சாதாரண வடிகட்டியை யாரும் வாங்கட்டும், நானும் வைத்திருக்கிறேன். என் சண்டை வடிகட்டியோடு இல்லை. உயிரணுவைப் பற்றிச் சொல்லப்படும் கதையோடுதான்.

1. எந்தக் கொத்து?

இயந்திரம் பிரித்ததாகச் சொல்லும் கொத்து எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும்? நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகி அறுந்து வேறொன்றோடு சேர்வதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவில் இருக்கிறது. இயந்திரத்தின் குழாயிலிருந்து குவளைக்கு விழும் அரை வினாடிக்குள் அந்தப் பிணைப்புகள் கோடானுகோடி முறை அறுந்து பின்னிக்கொள்கின்றன. சிறிய கொத்து, பெரிய கொத்து என்று பாட்டிலில் அடைத்து வைக்கத் தண்ணீருக்கு ஞாபகமே கிடையாது.

அப்படியானால் துண்டுப் பிரசுரத்தில் வரும் அந்த ஹெர்ட்ஸ் எண்கள்? 'சாதாரண நீர் 120, எங்கள் நீர் 60' என்று அச்சடித்திருக்கிறார்களே? அது என்எம்ஆர் கருவியில் ஆக்சிஜன்-17 அணுவின் சமிக்ஞை எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதன் அளவு. கோடு குறுகினால் கொத்து சிறியது என்று ஒரு காலத்தில் ஜப்பானில் விளக்கம் சொல்லப்பட்டது. அந்த அகலம் கொத்தைக் காட்டுவதில்லை. நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜனை எவ்வளவு வேகமாக மாற்றிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. நடுநிலை நீரில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும், கோடு அகலமாகத் தெரியும். காரம் கொஞ்சம் கூடினாலும் குறுகும், அமிலம் கொஞ்சம் கூடினாலும் குறுகும். எலுமிச்சம் பழம் பிழிந்த குழாய்த் தண்ணீரும் அதே கருவியில் 'சிறிய கொத்து' என்றுதான் காட்டும். அதை யாரும் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு விற்பதில்லை.

2. வாசலைப் பார்த்தீர்களா?

சரி, கொத்து இருக்கிறதென்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது எந்த வழியாக உயிரணுவுக்குள் போகும்?

உயிரணுச் சவ்வு சல்லடைத் துணி இல்லை. இரண்டு அடுக்குக் கொழுப்பாலான மெல்லிய படலம் அது. ஆக்சிஜன் போன்றவை அந்தக் கொழுப்பினூடே நேராகப் போய்விடும். நீரும் ஓரளவு அப்படிக் கசியும். ஆனால் இரத்தச் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் நீர் பாயும் வேகத்துக்கு இந்தக் கசிவு போதாது என்பது பல காலமாகத் தெரிந்திருந்தது. ஏதோ ஒரு வாசல் இருக்கவேண்டும் என்றார்கள், கையில் யாருக்கும் அகப்படவில்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே தேடியது இதையில்லை. ஆர்எச் இரத்த வகைப் புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது, சிவப்பணுச் சவ்வில் இன்னொரு புரதம் ஏராளமாக இருப்பதைக் கண்டார். அது என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை. நீர்வாசலாக இருக்கலாமோ என்ற ஐயம் வந்தபோது செய்த சோதனை எளிமையானது, வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் சோதனை. ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாது, அதனால்தான் குளத்தில் வெடிக்காமல் கிடக்கிறது. அந்த முட்டைக்குள் இந்தப் புரதத்துக்கான மரபுச் செய்தியை ஊசியால் ஏற்றினார்கள். மூன்று நாள் போல விட்டு, பிறகு நீர்த்த கரைசலில் போட்டார்கள். ஊசி ஏற்றாத முட்டை அப்படியே கிடந்தது. ஏற்றிய முட்டை சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. 1992இல் முடிவு வெளியானது. அந்தப் புரதத்துக்கு அக்குவாபோரின் என்று பெயர் வந்தது. 2003இல் வேதியியல் நோபல் பரிசு, அயனி வாசல்களை ஆராய்ந்த ரோடரிக் மக்கின்னனோடு பங்கிட்டு, ஆக்ரேக்குக் கிடைத்தது.

விற்பவர்கள் இந்தப் பரிசைத்தான் தங்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். "அக்குவாபோரின் சின்ன வாசல், அதில் எங்கள் சின்னக் கொத்துதான் நுழையும்" என்று சொல்கிறார்கள். அந்த வாசலின் அமைப்பை அவர்கள் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 2.8 ஆங்ஸ்ட்ராம், கிட்டத்தட்ட ஒரே ஒரு நீர் மூலக்கூறின் பருமன். அதில் ஐந்து மூலக்கூறுக் கொத்தும் போகாது, இரண்டு மூலக்கூறுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டும் போகாது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில்தான் போகவேண்டும். எந்தத் தண்ணீராக இருந்தாலும், மலையருவியோ மழைநீரோ ஆயர் சிலாங்கூர் குழாயோ, வாசலில் கொத்து கலைந்தே தீரும். கலைக்கும் வேலையை வாசலே செய்கிறது, காசு வாங்காமல் செய்கிறது. ஒரு வாசல் வழியாக ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி மூலக்கூறுகள் போகின்றன. குழாய்த் தண்ணீர் முட்டி நிற்கிறது என்றார்களே, அந்த முட்டல் எங்கே?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வாசலில் நீர் போகும், நீரோடு மின்னேற்றம் போகாது. அமிலத்தைத் தரும் ஹைட்ரஜன் அயனியும் போகாது, காரத்தைத் தரும் ஹைட்ராக்சைடு அயனியும் போகாது. நீர் மூலக்கூறு வாசலின் நடுவே வரும்போது திரும்பிப்படுக்க நேர்கிறது, அயனியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தும் சங்கிலி அங்கே அறுகிறது. உயிரணு இதை இப்படி அமைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நீரோடு அமிலமும் காரமும் இஷ்டப்படி ஓடினால் உள்ளே எதுவுமே வேலை செய்யாது. அதாவது, பிஎச் 9.5 என்ற அந்தத் தனிச்சிறப்பை எந்த வாசல் வழியாக உள்ளே அனுப்புவதாகச் சொல்கிறார்களோ, அந்த வாசல் அதை அனுப்பாமல் இருப்பதற்காகவே கட்டப்பட்டது. இந்த ஆராய்ச்சியைக் காட்டி அந்த இயந்திரத்தை விற்பது, பூட்டைக் காட்டிக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

3. கண்ணால் பார்த்தோமே என்கிறீர்களா?

அன்று இரவு இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைத்தார்கள். ஒன்றில் பாட்டில் தண்ணீர், மற்றதில் இயந்திரத் தண்ணீர். இரண்டும் குளிர்ந்தவை. இரண்டிலும் பச்சைத் தேயிலைப் பை. இரண்டு நிமிடத்தில் இயந்திரத் தண்ணீர் பொன்னிறமாகிவிட்டது, மற்றது வெளிறிப்போய் நின்றது. "பாருங்கள், நம் தண்ணீர் இலைக்குள்ளே புகுந்து சத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. உங்கள் உயிரணுவிலும் இதுதான் நடக்கும்" என்றார். கூடம் வியந்தது.

மறுநாள் என் வீட்டுச் சமையலறையில் இதையே செய்தேன். இரண்டு குவளையிலும் அதே குழாய்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் இரண்டு விரலில் எடுத்த ஆப்ப சோடா. அதே நிறம் வந்தது, அதே வேகத்தில். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் காரத்தில் நிறம் அடர்ந்து காட்டும், காற்றோடு சேர்ந்து இன்னும் கறுக்கும். அங்கே மாறுவது சாயம். இலையின் உயிரணுக்களோ வாட்டி, உருட்டி, உலர்த்தும்போதே செத்துப்போனவை. செத்த உயிரணுவின் சவ்வில் வாசலும் வேலை செய்யாது, காவலும் கிடையாது. அதை உயிருள்ள உடம்புக்கு உவமை காட்டக் கூடாது.

உயிருள்ள சவ்வை வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் பிள்ளைகளின் பாடநூலிலேயே வழி இருக்கிறது. உருளைக்கிழங்கை ஒரே நீளத்தில், ஐந்து சென்டிமீட்டர் அளவில் துண்டு போட்டேன். துடைத்து, நகை நிறுக்கும் சின்னத் தராசில் ஒவ்வொன்றையும் எடை பார்த்தேன். சிலவற்றைக் குழாய்த் தண்ணீரிலும், சிலவற்றைப் பக்கத்து வீட்டு இயந்திரத் தண்ணீரிலும், மீதியைக் கெட்டியான சீனிக் கரைசலிலும் போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். சீனியில் கிடந்த துண்டு துவண்டு எடை இறங்கியிருந்தது, விரலில் வளைத்தால் ரப்பர்போல் வளைந்தது. இரண்டு தண்ணீரிலும் கிடந்தவை விறைத்து, எடை கூடி, வளைத்தால் சடக்கென்று ஒடிந்தன. அந்த இரண்டுக்கும் இடையிலான எடை வித்தியாசம், ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் இயல்பாகவே இருக்கும் வித்தியாசத்தைத் தாண்டவில்லை. தண்ணீரின் பெயர் எதையும் மாற்றவில்லை. கரைந்திருந்த சீனிதான் மாற்றியது. சவ்வூடுபரவல் என்று நாம் மனப்பாடம் செய்ய வைத்த சொல்லுக்கு இதுதான் பொருள்: நீர் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சவ்வின் இரு பக்கமும் என்ன கரைந்திருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

4. உள்ளே அதிகம் போவது நல்லது என்று யார் சொன்னது?

இதுதான் என் முதன்மையான எதிர்ப்பு. கொத்து இருக்கிறதா இல்லையா என்ற வாதத்தில் அவர்கள் ஜெயித்தாலும் இதில் ஜெயிக்க முடியாது. "எங்கள் தண்ணீர் உயிரணுவுக்குள் விரைவாக, நிறையப் போகும்" என்கிறார்களே, அப்படி ஒரு தண்ணீர் உண்மையில் இருந்தால் அது விஷம்.

சிவப்பணுக்களைச் சுத்தமான நீரில் போட்டால் நீர் உள்ளே பாய்ந்து, அணு உருண்டு, உப்பி, உடைகிறது. மருத்துவமனையில் டிரிப் போடும்போது வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றாமல் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலை ஏற்றுவது அதனால்தான். உப்பு வெளியேறிய உடம்பில் வெறும் நீரை மட்டும் அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, நீர் மூளையின் உயிரணுக்களுக்குள் இறங்குகிறது. மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள். மூளையில் ஒரு வகை அக்குவாபோரின் உண்டு. அது இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இத்தகைய நீரேற்றத்தில் மூளை வீக்கம் குறைவாக இருந்தது, அவை அதிகம் பிழைத்தன. வாசல் குறைந்ததால் உயிர் தப்பியது என்பதைக் கவனியுங்கள்.

உயிரணுவின் கவலை தண்ணீர் வரவில்லையே என்பது இல்லை. வந்துகொண்டே இருக்கிறதே என்பதுதான். அதற்காகத்தான் ஒவ்வோர் உயிரணுவும் இரவும் பகலும் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது: மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஏற்றம். 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பை ஆராய்ந்து இந்த ஏற்றத்தை அடையாளம் கண்டார், 1997இல் நோபல் பரிசு பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது. தின்னும் சோற்றில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி உயிரணு கட்டிக்காக்கும் அளவை, ஒரு குவளைத் தண்ணீர் மீறிக்கொண்டு போகவேண்டும் என்று ஆசைப்படுவது எதற்கு?

5. விரைவாக நீர் ஏறவேண்டிய நேரம் வந்தால்?

அப்படி ஒரு நேரம் உண்டு, வாந்தியும் பேதியும். அதற்கு வழியும் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று, எந்த இயந்திரமும் இல்லாமல். குடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்துத்தான் உள்ளே விடும் வாசற்காரன் ஒருவன் இருக்கிறான். தனியாக வந்தால் விடமாட்டான், இரண்டும் கைகோத்து வந்தால் விடுவான். அவர்களைத் தொடர்ந்து நீர் போகும். இந்த இணைப்பை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரக் கூட்டமொன்றில் முன்வைத்தார். 1971இல் வங்கதேசப் போர் அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பங்காவோனில் நரம்பில் ஏற்றும் கரைசல் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த தூளைப் பொட்டலம் போட்டு, தண்ணீரில் கலக்கி வாயால் குடிக்க வைத்தார். முப்பது விழுக்காடு வரை போயிருந்த சாவு அவருடைய பராமரிப்பில் 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது.

அந்த முகாமில் கொடுத்த தண்ணீரின் பிஎச் என்ன, கொத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை. சவ்வு கேட்பது சோடியம், குளுக்கோஸ். அந்தப் பொட்டலம் இன்று நம் அரசாங்க கிளினிக்கிலும் கிடைக்கிறது. உயிரணுவின் வாசலை உண்மையாகவே புரிந்துகொண்டவர்கள் உலகத்துக்குக் கொடுத்தது, ஓர் ஏழை வாங்கக்கூடிய காகிதப் பொட்டலம்.

6. அமிலமான உடம்பு எங்கே இருக்கிறது?

இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கிறது. அதை வெகுவாகத் தாண்டினால் நீங்கள் முன்கூடத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்க மாட்டீர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பீர்கள். நுரையீரல் நிமிடத்துக்கு நிமிடமும், சிறுநீரகம் நாளுக்கு நாளும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎச் 9.5 உள்ள ஒரு லிட்டர் நீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு சுமார் 0.03 மில்லிமோல். இரைப்பையின் புதிதாய்ச் சுரந்த சாற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிமோல் அமிலம் இருக்கும். ஆக, ஒரு லிட்டர் ஆல்கலைன் நீரை முடித்துக்கட்ட ஆறு சொட்டு இரைப்பைச் சாறு போதும். கனிமம் சேர்த்த நீரென்றால் சில மில்லிலிட்டர் கூடுதலாகத் தேவைப்படலாம். இரைப்பை ஒரு நாளைக்குச் சுரப்பது ஒன்றரை, இரண்டு லிட்டர்.

இங்கே கெட்டிக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இரைப்பை அமிலம் சுரக்கும்போதெல்லாம் மறுபக்கம் இரத்தத்தில் பைகார்பனேட் என்ற காரத்தை விடுகிறது, எனவே காரநீர் குடித்தால் மறைமுகமாக இரத்தம் பலன் பெறுகிறது என்பார்கள். முதல் பாதி சரி. ஆனால் அந்த அமிலம் சிறுகுடலுக்கு இறங்கியதும் கணையம் அதே பைகார்பனேட்டை இரத்தத்திலிருந்து எடுத்துக் குடலில் கொட்டுகிறது. ஒரு கையால் கொடுத்தது மறு கையால் வாங்கப்படுகிறது. வரவும் செலவும் நேராகிவிட்ட கணக்கில் வரவை மட்டும் படித்துக் காட்டுவது நேர்மை ஆகாது.

ஓட்டோ வார்பர்க் பெயரையும் சொல்கிறார்கள், புற்றுநோய் காரத்தில் வாழாது என்று கண்டுபிடித்ததற்கு அவருக்கு நோபல் கிடைத்ததாக. 1931இல் அவருக்குப் பரிசு கிடைத்தது சுவாச நொதியின் தன்மையைக் கண்டதற்கு. புற்றணு ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோசை நொதிக்க வைத்து அமிலம் உண்டாக்குகிறது என்றும் அவர் காட்டினார். அமிலம் அங்கே விளைவு. புற்றணு அந்த அமிலத்தைத் தன் சவ்விலுள்ள ஏற்றங்களால் வெளியே தள்ளித் தன் உட்புறத்தைச் சாதாரண உயிரணுவைவிடச் சற்றுக் காரமாகவே வைத்துக்கொள்கிறது. காரத்தில் வாழாது என்று சொல்லப்பட்ட நோய் தன் வீட்டைக் காரமாக்கிக்கொண்டு வாழ்கிறது. கீமோவைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த நீரை நம்பி உட்காருபவரிடம் இந்த ஒன்றையாவது யாரேனும் சொல்லவேண்டும்.

7. 'தண்ணீர்தானே, என்ன கெட்டுவிடப் போகிறது?'

எல்லா வாதமும் தீர்ந்தபின் வருவது இது. நல்ல மனிதர்கள்கூட இதைச் சொல்லி என்னைச் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். அன்று இரவு சொல்லப்பட்ட விலை 15,000 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஏறக்குறைய ஒன்பது மாத உழைப்பு.

காசு போனால் போகட்டும் என்போம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு. புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நீரிழிவால் வருகிறார்கள். இந்தத் தண்ணீர் பேசப்படும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாதென்கிறது. அதனால் தாளில் எதுவும் இருக்காது. வீட்டுக்குள், "அண்ணே, உங்களுக்காகச் சொல்கிறேன்" என்று வாயால் மட்டும் சொல்லப்படும்.

பாசார் போரோங்கில் காய்கறி லாரி ஓட்டியவர் எங்கள் வரிசையில் ஐந்தாவது வீட்டு அண்ணன். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று தாதியர் சொல்லியிருந்தார்கள். தாகம் தாங்காத மனிதர். அவரிடம், இந்தத் தண்ணீர் உயிரணுவுக்குள் போய்விடும், காலில் தங்காது, கணக்கில் சேராது, மூன்று லிட்டர் குடியுங்கள் என்று சொன்னார்கள். தாகத்தில் இருப்பவனுக்கு அதைவிட இனிய சொல் உண்டா? குடித்தார். சிறுநீரகம் வெளியேற்றாத நீர் எங்கே போகும்? இரத்தக் குழாயில் நிற்கும், கணுக்காலில் இறங்கும், பிறகு நுரையீரலில் ஏறும்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தவர், திங்கள் நள்ளிரவில் படுக்க முடியாமல் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சில் கொதிக்கும் பாத்திரம்போல ஓசை. அண்ணி என் கதவைத் தட்டினார். நான்தான் காரில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கே நிறுத்துப் பார்த்தபோது சனிக்கிழமையைவிட நாலரைக் கிலோ கூடியிருந்தார். இரண்டு நாளில் யாருக்கும் அவ்வளவு சதை போடாது. அது முழுக்கத் தண்ணீர், ஒரு துளியும் கணக்குக்கு வெளியே போகவில்லை. டயாலிசிஸ் இயந்திரத்தில் போட்டு நீரை இழுத்து எடுத்தபின் விடியற்காலையில்தான் அவரால் மல்லாந்து படுக்க முடிந்தது.

இப்போது அண்ணன் பழைய பாட்டில் ஒன்றில் கறுப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலை மாத்திரைக்கு ஒரு கோடு, மதியச் சோற்றுக்கு ஒன்று, இரவு மாத்திரைக்கு ஒன்று. நாக்கு வறண்டால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்கிறார், அந்த ஐஸும் கோட்டுக் கணக்கில் சேரும். தண்ணீர் இயந்திரம் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அண்ணி அதில் அரிசி களைகிறார். 36 தவணையில் இன்னும் 22 பாக்கி.